பேஸ்மெண்டில் மின்வாகனம்: தடை போடுவதற்கு முன்

கேள்வி இதுதான்: பல மாடிகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நலச்சங்கம், அடித்தள வாகன நிறுத்தத்தில் மின்சாரக் கார்களை நிறுத்தவும் சார்ஜ் செய்யவும் தடை விதிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரப் பார்க்கிறது. மின்சார இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்று சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று அதே தீர்மானம் சலுகையும் தருகிறது. இந்த அச்சம் நியாயமானதா, இந்தத் தீர்மானம் சரியா?

அச்சம் நியாயமானது, தீர்மானம் தலைகீழானது. உயிருக்குக் கேடு குறைவாக உள்ள பொருளை வெளியே துரத்திவிட்டு, கேடு மிகுந்த பொருளைப் படுக்கையறைக்குள் அழைக்கிறது அது. கட்டடங்களின் மின்னிணைப்பையும் தீத்தடுப்பு ஏற்பாடுகளையும் ஆய்வு செய்வது என் தொழில் என்பதால், ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். ஸ்வீடன் நாட்டின் குடிமைப் பாதுகாப்பு முகமை, தீயணைப்பு நிலையங்களின் அறிக்கைகளை வாகன வகைவாரியாகப் பிரித்து வெளியிடுவதால், அந்நாட்டுக் கணக்கு இங்கே உதவுகிறது. 2022இல் அங்கே கலப்பின (ஹைப்ரிட்) வகைகளையும் சேர்த்து ஏறத்தாழ 6,11,000 மின்சாரக் கார்கள் இருந்தன. அவற்றில் 23 தீப்பிடித்தன. ஏறத்தாழ 44 லட்சம் பெட்ரோல், டீசல் கார்களில் தீப்பிடித்தவை சுமார் 3,400. விகிதத்தில் இருபது மடங்கு வேறுபாடு. ஆனாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்வேன். மின்சாரக் கார்கள் பெரும்பாலும் புதியவை. பெட்ரோல் கார்களிலோ வயதானவை ஏராளம், யாரோ வேண்டுமென்றே கொளுத்தியவையும் அந்தக் கணக்கில் உண்டு. மின்சாரக் கார்களுக்கும் வயதாகும்போது இந்த இடைவெளி குறையக்கூடும். அதே கணக்கில் பலரும் கவனிக்காத இன்னொரு வரி இருக்கிறது: அந்த ஆண்டில் நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்கள் 38ம், மின்சார மிதிவண்டிகள் 20ம் எரிந்தன. கார்களின் பேட்டரியோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய் அளவுள்ள இவை இரண்டும் சேர்ந்து, மின்சாரக் கார்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தீ விபத்துகளைத் தந்திருக்கின்றன.

வாகன நிறுத்தங்களில் நடந்த பெருந்தீக்களை எடுத்துப் பார்த்தாலும் மின்சாரக் கார்தான் குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் கடைசி நாளில் லிவர்பூல் நகரின் பலமாடி நிறுத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் எரிந்தன. 2020 ஜனவரியில் நார்வேயின் ஸ்டாவாங்கர் விமான நிலையத்தில் சில நூறு கார்கள் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. 2023 அக்டோபரில் லண்டனுக்கு அருகே லூட்டன் விமான நிலையத்தில் 1,400க்கும் மேற்பட்ட வாகனங்கள் போயின. லூட்டனில் எரியும் காரின் காணொளி பரவிய அன்று அது மின்சாரக் கார் என்றே பலரும் முடிவு கட்டினார்கள். அது டீசல் கார். மற்ற இரண்டு இடங்களிலும் தீ தொடங்கியது எண்ணெயில் ஓடும் கார்களில்தான். லிவர்பூலிலும் லூட்டனிலும், தீயின் வெப்பத்தில் கூரைக் குழாயிலிருந்து தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இல்லை. இன்றைய கார் எதுவாக இருந்தாலும் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய காரைவிட அகலமானது, பிளாஸ்டிக்கும் ஃபோமும் மிகுந்தது. அதே பழைய அளவுக் கோடுகளுக்குள் நெருக்கி நிறுத்தப்படுவதால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவ வெகுநேரம் ஆவதில்லை. முழு அளவிலான எரிப்புச் சோதனைகளிலும், ஒரே அளவுள்ள மின்சாரக் காரும் பெட்ரோல் காரும் வெளிவிடும் மொத்த வெப்பம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்திருக்கிறது.

அப்படியானால் மின்வாகனத் தீயில் தனியாகப் பயப்பட எதுவுமில்லையா என்றால், இருக்கிறது. வெப்பத்தின் அளவைவிட, தீ நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

மின்வாகனத்தின் பேட்டரி என்பது பல லித்தியம் அயனி மின்கலங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கலத்திலும் நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இடையில் இருப்பது எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். தயாரிப்புக் குறை, அடிபட்டு நசுங்குதல், அளவுமீறிய சார்ஜ், உள்ளே புகுந்த ஈரம் என ஏதோ ஒன்றால் ஒரு கலம் சூடேறும்போது, 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் அளவில் எதிர்மின்வாயின் மேலுள்ள காப்புப் படிவு சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவே மேலும் வெப்பத்தைத் தருகிறது. 130 டிகிரியை ஒட்டி நடுப்படலம் உருகி, இரு மின்வாய்களும் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகின்றன. 200 டிகிரியைத் தாண்டும்போது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகைக் கலங்களில் நேர்மின்வாய் தன் ஆக்சிஜனையே வெளிவிடுகிறது. இதைத்தான் வெப்பக் கட்டுமீறல் என்கிறோம். ஒரு கலம் பக்கத்துக் கலத்தைச் சூடாக்க, அது அடுத்ததைச் சூடாக்க, வெளியிலிருந்து காற்று வராவிட்டாலும் வேதிவினை ஓடிக்கொண்டே இருக்கும். காற்றை அடைத்துத் தீயை அணைக்கும் வழக்கமான முறைகள் இங்கே எடுபடாததற்கு இதுவே காரணம். வெப்பத்தை இழுத்து எடுத்தால்தான் சங்கிலி அறும். அதற்கு நீரைவிடச் சிறந்த பொருள் கைவசம் இல்லை. ஆனால் நீர் போய்ச் சேர வேண்டிய இடம், மழைநீரும் சேறும் புகாதபடி காரின் அடியில் இறுக மூடப்பட்ட பெட்டிக்குள் இருக்கிறது. அணைந்தது போலத் தோன்றிய பேட்டரி சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து மீண்டும் பற்றிக்கொள்வதும் இதனால்தான்.

நிக்கல், கோபால்ட்டுக்குப் பதிலாக இரும்பு பாஸ்பேட் கொண்ட வகை பேட்டரி என்றால் ஆபத்தே இல்லை என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. அந்த வகை கட்டுமீற அதிக வெப்பம் தேவை, வெளிவிடும் ஆக்சிஜனும் மிகக் குறைவு. ஆனால் கட்டுமீறிவிட்டால் அதிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜனின் பங்கு கூடுதலாக இருக்கும். உடனே சுடர்விடாமல் வெண்ணிற ஆவியாகத் தரையோரம் தேங்கவும் கூடும். மூடிய இடத்தில் அந்த ஆவி தேங்கிப் பிறகு தீப்பொறி கண்டால் அது வெடிப்பு. சுடர் தெரியாத நிலை சில சமயம் சுடரைவிடக் கெட்டது என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் சர்ப்ரைஸ் நகரில் 2019 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லலாம். அது வாகனம் அன்று, மின்சேமிப்பு நிலையம். அங்கிருந்தது இரும்பு பாஸ்பேட் வகையும் அன்று. தானியங்கி அணைப்பு வாயு திறந்துகொண்டது, ஆனால் கலங்கள் உள்ளே வாயுவைக் கக்கிக்கொண்டே இருந்தன. சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது நேர்ந்த வெடிப்பில் நான்கு தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் ஃபுளூரைடும் அந்த ஆவியில் கலந்திருப்பதால், பேஸ்மெண்டில் வெண்புகை கண்டால் அது என்ன என்று அருகில் சென்று பார்ப்பது ஒருபோதும் கூடாது.

இனி, இந்த விவாதத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டும் நிகழ்வுக்கு வருகிறேன். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலை ஆறேகால் மணியளவில், தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தள நிறுத்தத்தில் நின்ற மின்சாரக் கார் ஒன்று எரியத் தொடங்கியது. தீயை முழுதாக அணைக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எண்பதுக்கும் மேற்பட்ட வாகனங்கள் எரிந்தன, நூற்றுக்கணக்கானவை கரி படிந்து வீணாயின, புகையை உள்ளிழுத்த இருபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். நீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டதால் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பல நாட்கள் வெளியே தங்க நேர்ந்தது. தடை கேட்பவர்களின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விவரங்களை விடாமல் பார்க்க வேண்டும். அந்தக் கார் சார்ஜரில் இல்லை. ஏறத்தாழ 59 மணி நேரமாக வெறுமனே நின்றுகொண்டிருந்தது. ஆகவே ‘நிறுத்தலாம், சார்ஜ் மட்டும் செய்யக் கூடாது’ என்ற சமரசத் தீர்மானம் அதைத் தடுத்திருக்காது. இரண்டாவது, அந்தக் கட்டடத்தில் ஸ்பிரிங்ளர் இருந்தது. எச்சரிக்கை ஒலித்தவுடன் பணியில் இருந்தவர் அதை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். பொய் எச்சரிக்கைகளுக்குப் பழகிய கை அப்படித்தான் போகும். சில நிமிடங்களில் அவரே அதை விடுவித்தபோதும் நீர் வரவில்லை. தலைக்கு மேலே குழாய் இருந்தும், ஒரு விரல் அழுத்தத்தில் ஒரு தளம் முழுவதும் போனது.

ஸ்பிரிங்ளரால் மூடிய பேட்டரிக்குள் எரிவதை அணைக்க முடியாது என்பதால் அதனால் பயனில்லை என்று சிலர் முடிவுக்கு வருகிறார்கள். அதன் வேலை அதுவல்ல. எரியும் காரைச் சுற்றியுள்ள காற்றையும், பக்கத்துக் கார்களையும், மேல்தளத்தின் கான்கிரீட்டையும் குளிர வைத்து, ஒரு காரின் தீ ஒரு காரோடு நிற்கும்படி செய்வதே அதன் வேலை. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் ஸ்பிரிங்ளர் விதிநூல் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் வாகன நிறுத்தங்களின் ஆபத்து வகையை ஒரு படி உயர்த்தியது. அதன்படி, சதுர அடிக்கு நிமிடத்துக்குப் பாய வேண்டிய நீரின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மின்சாரக் கார்களுக்காக மட்டும் செய்த மாற்றமன்று அது, இன்றைய கார்கள் எல்லாவற்றுக்குமானது. உங்கள் கட்டடத்தில் ஸ்பிரிங்ளர் இருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கடைசியாக எப்போது பேஸ்மெண்டின் கடைக்கோடிக் குழாயில் நீரைத் திறந்து பார்த்தார்கள் என்பதுதான். வால்வு திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டப்பட்டிருக்கிறதா, பம்பு தானியங்கி நிலையில் இருக்கிறதா, இரவுக் காவலருக்கு ‘நேரில் உறுதி செய்யாமல் நிறுத்தக் கூடாது’ என்பது எழுத்தில் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கும் கட்டடங்களில் பம்பின் தேர்வுச்சாவி ‘ஆட்டோ’வில் இல்லாமல் ‘ஆஃப்’இல் கிடப்பது அரிதன்று. கசிவு என்று யாரோ ஒருநாள் திருப்பி வைத்தது, அப்படியே நின்றுபோயிருக்கும்.

இப்போது, தீர்மானம் சலுகை தருகிற இடத்துக்கு வருவோம். மின்வாகனத் தீயில் குடியிருப்புகளில் போன உயிர்களைத் தேடினால் கார்களைவிட அதிகமாக எதிர்ப்படுபவை இருசக்கர வாகனங்களும் அவற்றின் கழற்றக்கூடிய பேட்டரிகளுமே. நியூயார்க் நகரில் 2023இல் மட்டும் இத்தகைய பேட்டரித் தீக்களில் 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளர்கள் பயன்படுத்தும் மின்சார மிதிவண்டிகள். பழுதுபார்த்து மீண்டும் கட்டிய பேட்டரிகள், பொருந்தாத சார்ஜர்கள், இரவு முழுவதும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ். அந்நகரம் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து தரச்சான்று இல்லாதவற்றின் விற்பனையைத் தடை செய்தது. அடுத்த ஆண்டில் தீ விபத்துகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை; ஆனால் அவற்றில் அதிகமானவை கட்டடத்துக்கு வெளியே நடந்தன, உயிரிழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பேட்டரி எரிவது ஒன்று, அது எங்கே இருந்து எரிகிறது என்பது வேறொன்று.

சீனாவின் நான்ஜிங் நகரில் 2024 பிப்ரவரியில், முப்பதுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட குடியிருப்பில் தரைமட்டத்தில் மின்சார இருசக்கர வாகனங்கள் நிறுத்திய பகுதியில் விடியலுக்கு முன் எழுந்த தீயில் 15 பேர் இறந்தார்கள். தீ கீழே, புகை மேலே. ஹனோயில் 2023 செப்டம்பரில் 56 பேரைக் கொன்ற குடியிருப்புத் தீயும் தரைத்தளத்தில் நின்ற இருசக்கர வாகனங்களுக்கு நடுவே தொடங்கியதுதான். ஒரே மாடிப்படி, அதன் அடியில் வாகனங்கள். அங்கே லித்தியம் பேட்டரி தேவைப்படவில்லை, மோட்டார் சைக்கிளின் சாதாரண மின்கசிவே போதுமானதாக இருந்தது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடிப்படியும் லிஃப்ட் குழியும் புகைபோக்கிகள். அவற்றின் அடியில் எரியக்கூடிய எதை வைத்தாலும் மேல்மாடிக்காரர் வெளியேறும் வழியும் புகை ஏறும் வழியும் ஒன்றாகிவிடும். செங்டு நகரில் 2021 மே மாதத்தில் லிஃப்டுக்குள் கொண்டுசெல்லப்பட்ட மின்சார இருசக்கர வாகனம் சில நொடிகளில் தீக்கோளமான காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவானது. உள்ளே ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து உயர்மாடிக் கட்டடங்களின் பொது முகப்பிலும் மாடிப்படியிலும் வெளியேறும் வழிகளிலும் இவ்வாகனங்களை நிறுத்தவோ சார்ஜ் செய்யவோ சீனா தடை விதித்தது. தடை இருந்தும் நான்ஜிங் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காரின் பேட்டரி பெரிது; ஆனால் அதற்கு ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கவனிக்கும் மேலாண்மைச் சுற்று, குளிர்விக்கும் ஏற்பாடு, கனத்த உலோகப் பெட்டி எல்லாம் உண்டு, அது நாம் தூங்கும் இடத்திலிருந்து ஒரு தளமாவது தள்ளி நிற்கிறது. கழற்றக்கூடிய பேட்டரியைப் படியில் தவறவிடுகிறோம், மழையில் நனைத்துவிட்டுச் சார்ஜில் போடுகிறோம், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே வைக்கிறோம். இரண்டு கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்று கட்டுமீறினால், பத்துக்குப் பத்து அறையில் புகை கண்ணை மறைக்கச் சில நிமிடங்கள்கூட வேண்டியதில்லை. ஆகவேதான் தீர்மானம் தலைகீழானது என்றேன்.

அடுத்து வயரிங். பேட்டரியைப் பற்றிப் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றிப் பேசுவதில்லை. குடியிருப்போர் தம் கையால் உடனே சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட் கெய்சருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் ஏற்பட்டது. அவை பதினைந்து நிமிடம் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் அப்படியில்லை, ஏறத்தாழ 15 ஆம்பியரை இரவு முழுவதும், எட்டு மணி நேரம், இடைவிடாமல் இழுக்கும். ஒரு பேஸ்மெண்டில் தூணில் பதித்திருந்த சாக்கெட் ஒன்றைக் கழற்றிப் பார்த்தது நினைவிருக்கிறது. வெளியே பார்க்க, வலப்பக்கத் துளையைச் சுற்றி மட்டும் பிறைவடிவில் பழுப்பு ஏறியிருந்தது, அருகில் போனால் மீன் கவிச்சி போன்ற ஒரு நெடி. உள்ளே கம்பியைப் பிடிக்கும் திருகாணி அரைச்சுற்று தளர்ந்திருந்தது. கம்பியின் ரப்பர் உறை ஒரு விரல் நீளத்துக்கு அப்பளமாக நொறுங்கியது. அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் மின்தடை கூடியிருந்தால் போதும்: 15 ஆம்பியரின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் 22.5 வாட். ஏறத்தாழ ஒரு சால்டரிங் அயர்னை எரியவிட்டு, அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி, விடியும்வரை விட்டுவைப்பதற்குச் சமம்.

மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே, அது விழாதா என்று கேட்பார்கள். விழாது. அது பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும். ஓடுவதோ அனுமதித்த அளவுதான். தளர்ந்த திருகாணியின் வெப்பம் அதன் கண்ணுக்குத் தெரியாது. மாடியிலிருந்து ஜன்னல் வழியாகத் தொங்கவிடும் எக்ஸ்டென்ஷன் கேபிள், பாதி சுற்றிய நிலையிலேயே பயன்படுத்தும் கேபிள் சுருள், ஒரே பெட்டியில் இரண்டு ஸ்கூட்டர்கள் ஆகியவை எல்லாம் இதே கதையின் வேறு வடிவங்கள். தடை விதித்த கட்டடங்களில்தான் இவற்றை அதிகம் பார்க்கிறேன் என்பது கவனத்துக்குரியது. முறையாக இணைப்புக் கிடைக்காதவர் சார்ஜ் செய்வதை நிறுத்துவதில்லை, மறைவாகச் செய்கிறார்.

முறையான இணைப்பு என்றால், மீட்டர் பலகையிலிருந்து அந்த ஒரு சார்ஜருக்கு மட்டும் தனியாக வரும், சுமைக்கேற்ற தடிமனுள்ள கேபிள்; சுவரில் நிலையாகப் பதித்த சார்ஜர்; தனி எம்.சி.பி.; தனி மின்கசிவுத் துண்டிப்பான்; அளந்து உறுதிசெய்த எர்த். இதில் ஒரு நுட்பம் உண்டு. காரின் உட்சுற்றில் பழுது ஏற்பட்டால் நேர்மின்னோட்டம் கசியலாம். பழைய வகை மின்கசிவுத் துண்டிப்பான் அந்த நிலையில் மரத்துப்போய், உண்மையான கசிவின்போது விழாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே நேர்மின்கசிவையும் உணரும் பி வகைத் துண்டிப்பானோ, 6 மில்லி ஆம்பியர் நேர்மின்கசிவை உணரும் அமைப்பு உள்ளிட்ட சார்ஜரோடு ஏ வகைத் துண்டிப்பானோ வேண்டும் என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைய விதிகளின் நிலைப்பாடு. எலெக்ட்ரீஷியனிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே அவர் இந்த வேலையை அறிந்தவரா என்பது தெரிந்துவிடும். பிறகு மொத்தச் சுமை: 7.4 கிலோவாட் சார்ஜர் நாற்பது வீடுகளில் ஒரே நேரத்தில் ஓடினால் 296 கிலோவாட். கட்டடம் கட்டும்போது யாரும் இந்தச் சுமையை நினைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொருவராகத் தத்தம் மீட்டரிலிருந்து இழுத்துக்கொள்ள விடாமல், சங்கமே ஒரு பொதுத் தடத்தை அமைத்து, சார்ஜர்கள் சுமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறையை வைப்பதுதான் நீண்டகாலத்துக்கு மலிவு. அந்தத் தடம் முழுவதையும் ஒரே இழுப்பில் துண்டிக்கும் சுவிட்ச், சாய்தளத்தின் வாயிலில், தீயணைப்பு வீரர் உள்ளே நுழையாமலேயே எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இடத்தேர்வில் பெரிய சூத்திரம் எதுவுமில்லை. சார்ஜர்களைச் சாய்தளத்துக்கு அருகே, வெளிக்காற்றுப் படும் ஓரத்தில், முடிந்தால் மேல் அடித்தளத்தில் அமையுங்கள். மாடிப்படிக் கதவு, லிஃப்ட் முகப்பு, ஜெனரேட்டர் அறை, மின்பலகை அறை, எரிவாயுக் குழாய் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். எரிந்த காரை வெளியே இழுத்துப்போக முடிய வேண்டும் என்பது முக்கியம். பிறகு அதை மற்ற வாகனங்களிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விலக்கி, திறந்த வெளியில் ஏறத்தாழ 15 மீட்டர் இடைவெளியுடன் சில நாட்கள் கண்காணிப்பில் வைப்பது வழக்கம். பேஸ்மெண்டையும் மாடிப்படியையும் பிரிக்கும் கதவு தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவாக இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் அந்தக் கதவு இருக்கவும் இருக்கிறது, அதன் காலடியில் ஒரு செங்கல்லும் இருக்கிறது. சாமான் தூக்கிச் செல்ல வசதிக்காக வைத்தது. அந்தச் செங்கல்லை எடுப்பதற்குச் செலவே இல்லை, என் பார்வையில் இந்தப் பதில் முழுவதிலும் அதிக உயிர்களைக் காக்கக்கூடிய யோசனை அதுதான்.

தீயணைப்புப் போர்வை வாங்கி வைக்கலாமா என்று இப்போது எல்லாச் சங்கங்களிலும் கேட்கிறார்கள். பயிற்சி பெற்ற குழு, சரியான தருணத்தில் போர்த்தினால் பக்கத்துக் கார்களுக்குத் தீ பரவுவது தாமதமாகும். ஆனால் போர்வைக்குள் எரியக்கூடிய வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். அதை யாராவது ஓரத்தில் தூக்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாக் கதை ஏற்கெனவே விடை சொல்லிவிட்டது. குடியிருப்போர் கையில் அதைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூள் அணைப்பான், சாக்கெட்டிலோ சார்ஜரிலோ இருக்கையிலோ எழும் தீயை அதன் தொடக்கத்தில் அடக்கும், பேட்டரியைக் குளிர்விக்காது. பேட்டரியிலிருந்து சீறல், பட்பட்டென்ற வெடிப்பொலி, வெண்ணிற ஆவி, கரைப்பானின் இனிப்பு நெடி இவற்றில் எது தென்பட்டாலும் எச்சரிக்கை மணியை அழுத்திவிட்டு, கதவை மூடிக்கொண்டு, எல்லோரும் வெளியேற வேண்டும். தொலைபேசியில் தீயணைப்புத் துறையிடம் அது மின்வாகனம் என்பதையும், எந்தத் தளம் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். புகையும் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

இன்னும் இரண்டு செய்திகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் புகுந்த பேஸ்மெண்டில் மூழ்கிய மின்வாகனத்தைச் சார்ஜ் செய்யவோ இயக்கவோ கூடாது, வெளியே இழுத்துச் சென்று தனியாக நிறுத்த வேண்டும். 2022இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயன் புயலுக்குப் பின், கடல்நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நாட்கள் கழித்துத் தாமாகவே எரிந்தன. அடுத்தது, தயாரிப்பாளர் திரும்ப அழைத்த வாகனங்கள். 2021இல் செவர்லே போல்ட் கார்களில் பேட்டரிக் குறை தெரியவந்தபோது, வெளியே நிறுத்துங்கள், 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாதீர்கள், மற்ற வாகனங்களிலிருந்து 50 அடி தள்ளி வையுங்கள் என்று அந்நிறுவனமே சொன்னது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இப்படிப்பட்ட அறிவிப்பு வந்த வாகனத்தைப் பழுது நீக்கும்வரை பேஸ்மெண்டுக்குள் விடுவதில்லை என்று விதி வைப்பது முற்றிலும் நியாயம். குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட வாகனத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு விதிக்கும் தடை அது.

எனவே தீர்மானத்தை நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். மின்சாரக் கார்களை நிறுத்தலாம். சங்கம் ஒப்புதல் தந்த நிலையான சார்ஜரில் மட்டுமே சார்ஜ் செய்யலாம், பொதுச் சாக்கெட்டிலும் எக்ஸ்டென்ஷனிலும் கூடாது. இருசக்கர வாகனங்களையும் கழற்றிய பேட்டரிகளையும் மாடிப்படி, நடைபாதை, லிஃப்ட் ஆகியவற்றில் வைக்கவோ கொண்டுசெல்லவோ கூடாது. வீட்டுக்குள் சார்ஜ் செய்வதற்குத் தடை. ஆனால் அந்தத் தடை, மதிற்சுவர் ஓரமாகக் கூரையுள்ள திறந்த கொட்டகையில், வண்டிக்கு ஒரு சாக்கெட், சாக்கெட்டுக்கு ஒரு துண்டிப்பான் என்ற கணக்கில் இடம் அமைத்து முடித்த நாளிலிருந்து மட்டுமே நடைமுறைக்கு வரும். இடம் தராமல் தடையை மட்டும் முதலில் அறிவித்தால், பேட்டரி பையில் மறைந்து அதே லிஃப்டில் மேலே போகும், அப்போது அது எந்த வீட்டில் எந்த மூலையில் சார்ஜ் ஆகிறது என்பது சங்கத்துக்கும் தெரியாது, தீ வந்தால் தீயணைப்பு வீரருக்கும் தெரியாது.